மச்சத்தைக் கேட்ட அர்ச்சனை

தேக்கா சந்தையில் கண்மணி அம்மியில் மசாலா அரைத்து விற்று வந்தாள். மஞ்சளும் மிளகாயும் அரைத்து அரைத்து அவள் கட்டைவிரலில் ரேகையே தேய்ந்துவிட்டது. அஞ்சலகச் சேமிப்பு வங்கியில் மை தொட்டு வைத்தால் ஒரு கறுப்புத் திட்டுதான் விழும். அதனால் அவளிடம் கூடுதலாக மூன்று கேள்விகள் கேட்பார்கள். தாயார் பெயர் என்ன, பிறந்த ஊர் எது, மச்சம் எங்கே? கேள்விகள் வரிசையில் நிற்பவர்களுக்கெல்லாம் கேட்கும். பதிலை மட்டும் அவள் மெல்லச் சொல்வாள்.

அந்த வங்கியில் இருந்தது அவள் மகளின் கப்பல் செலவுக்கான பணம். மகள் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டுக்கோட்டையில் பெரியம்மா வீட்டில் வளர்ந்தாள். அடுத்த ஆண்டு குடியேற்றச் சட்டம் இறுகப்போகிறது, பிள்ளைகளை அதற்குள் வரவழைத்துவிட வேண்டும் என்று சந்தையெங்கும் பேச்சாக இருந்தது.

தை வெள்ளிக்கிழமை காலை, நெற்றி நிறையத் திருநீறும் கையில் தாம்பாளமுமாக ஒருவர் வந்தார்.

"அம்மா, உங்க பேர்ல அம்மனுக்கு அர்ச்சனை. பத்துக் காசுதான். பேரு, நட்சத்திரம்?"

"கண்மணி. ரோகிணி."

"தாயார் பேரு? பொறந்த ஊரு? மச்சம் ஏதாச்சும் உண்டா? தோஷம் பாக்கணும்."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். இரு கையும் கூப்பி, கண்ணை மூடித் தலை குனிந்தாள். திருநீறு நெற்றியில் விழுந்தது.

பக்கத்தில் எலுமிச்சை விற்ற சாகுல் ஹமீதுக்கு எதையும் கேட்காமல் இருக்க முடியாது. மீன் ஏன் வாயைத் திறந்தபடியே சாகிறது என்று மீன்காரரை மறித்துக் கேட்டவர் அவர்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேக்காம விட்டாதான் அதிசயம், பாய்."

"அம்மனுக்கு உங்க மச்சம் எதுக்கு?"

"தோஷம் பாக்கத்தான்லா."

"அம்மன் உங்களுக்குத் தாயின்னு சொல்றீங்க. பெத்தவளுக்குப் புள்ள மச்சம் தெரியாதா?"

கண்மணி சிரித்துவிட்டாள். ஆனால் குழவியோடு அந்தக் கேள்வியும் முன்னும் பின்னும் உருண்டுகொண்டே இருந்தது.

மதியம் கடையை மூடியதும் நேரே காளியம்மன் கோயிலுக்குப் போனாள். குருக்கள் அவள் சொன்னதைக் கேட்டு வியந்தார்.

"பேரும் நட்சத்திரமும் போதும்மா. நாங்க யாரையும் சந்தைக்கு அனுப்பலையே!"

தன் மச்சத்தை வேறு யார் கேட்பார்கள் என்பது சன்னதி வாசலில்தான் அவளுக்கு நினைவு வந்தது. பைக்குள் கையை விட்டாள். மாலையில் பணம் போடுவதற்காக எடுத்து வந்த வங்கிப் புத்தகம் இல்லை. கண்ணை மூடிக் கும்பிட்ட நேரத்தில் போயிருக்கிறது.

சந்தைக்கு ஓடி வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே சாகுல் ஹமீது எலுமிச்சைக் கூடையை மீன்காரரிடம் ஒப்படைத்துவிட்டு உடன் வந்தார்.

அஞ்சலகத்தில், சாப்பாட்டு நேரம் முடிந்து அப்போதுதான் எழுத்தர் பரமசிவம் சன்னலுக்குத் திரும்பியிருந்தார்.

"என்னம்மா, முழுப் பணமும் வேணும்னு இப்பத்தானே மனு கொடுத்திருக்கீங்க? நாளைக்குத்தான் கிடைக்கும்."

"ஐயா, அது நான் இல்லீங்க!"

பரமசிவம் மனுவை எடுத்துப் பார்த்தார். கைரேகை இழை இழையாகத் தெளிவாக இருந்தது. கண்மணியின் மஞ்சள் படிந்த விரலைப் பார்த்தார்.

"அடடா! புதுப் பையன் உக்காந்திருந்தான். மூணு பதிலும் சரியா வந்ததும் ஒத்துக்கிட்டான். இனி அந்தக் கேள்வி எதுவும் உதவாதும்மா. உங்களுக்கு மட்டுமே தெரிஞ்ச ஒண்ணச் சொல்லுங்க. மெதுவா."

கண்மணி திரும்பிப் பார்த்தாள். பின்னால் நீண்ட வரிசை. சாகுல் ஹமீது சட்டென்று முதுகைக் காட்டி நின்றார்.

"எல்லாரும் கொஞ்சம் ரோட்டப் பாருங்கப்பா. அக்கா ரகசியம் பேசணும்."

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். காய்கறிக் கூடையோடு நின்ற சீனத்து அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவரும் திரும்பிக்கொண்டார். அத்தனை முதுகுகளின் காவலில், கண்மணி சன்னலுக்குள் குனிந்து சொன்னாள்.

மறுநாள் காலை ஓர் இளம்பெண் கண்மணியின் புத்தகத்தோடு பணம் வாங்க வந்தாள். உதடு காய்ந்திருந்தது. பரமசிவம் புதுக் கேள்வியைக் கேட்டார். அவள் தாயார் பெயரையே மறுபடி சொன்னாள். காவலாளி நெருங்கியதும் புத்தகத்தைச் சன்னலிலேயே விட்டுவிட்டுப் பின்வாங்கினாள்.

"இருங்கய்யா," என்று எழுந்தாள், அங்கே பெஞ்சில் காத்திருந்த கண்மணி. "முதல்ல ஏதாச்சும் குடிக்கட்டும்."

வெளியிலிருந்து தேத்தண்ணி வாங்கி வந்து கொடுத்தாள். பாதிக் குவளை காலியான பிறகு, தாம்பாளக்காரன் தங்கியிருக்கும் இடத்தை அந்தப் பெண்ணே அழுதபடி சொன்னாள். யாரும் மிரட்ட வேண்டியிருக்கவில்லை. மாலைக்குள் போலீஸ் அவனைப் பிடித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்காகப் போலீசிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லும்படி கண்மணி பரமசிவத்திடம் கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை சந்தையில் சாகுல் ஹமீதுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அக்கா, அந்தப் புதுக் கேள்வி என்ன?"

"சொன்னா மறுபடி மாத்தணும், பாய்."

"பதில் வேணாம்லா. கேள்வி மட்டும்."

"அந்தத் தாம்பாளக்காரனும் அஞ்சலக வரிசையில நின்னு கேள்விய மட்டும்தான் கேட்டுட்டுப் போனான்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "உங்க மக வரட்டும். அவகிட்டக் கேட்டுக்கறேன்."

"கேளுங்க," என்றாள் கண்மணி, மஞ்சளை அம்மியில் வைத்தபடி. "அவளுக்கும் தெரியாது. ஆனா அவ வரட்டும்."