ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கோளாறு

"இது வேண்டாம் விழி, நான் சொல்றதை—"

"போன தடவையும் இதையேதான் சொன்னீக—"

"அது வேற பாடி. இது—"

"அதுக்கு முந்துன தடவை பாடி நல்லாருக்கு, ஹவுசிங் ஆகாதுன்னீக. இப்ப ஹவுசிங் நல்லாருக்கு, பாடி ஆகாதுங்கீக. பொண்ணு பாக்கப் போற வீட்டுல எல்லாம் கேசரியைத் தின்னுட்டு, மூக்கு சரியில்லன்னு எந்திரிச்சு வார கதையால்ல இருக்கு!"

"தங்கச்சி, என் கடையில இன்னும் கேசரியே தரலையே" என்றார் ஜெகபர் அலி.

விருதுநகர்த் தெப்பக்குளத்துக்கு அடுத்த தெருவில் அவருடைய கேமராக் கடை. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்வருகிறவர்களிடம் சொல்லிவைத்து, சுற்றுவட்டாரத்து ஸ்டுடியோக்காரர்கள் கேட்கிற சாமானை வரவழைத்துக் கொடுப்பார். இப்போது மேசைமேல் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, லென்ஸ் மாட்டாத கறுப்பு டிஜிட்டல் கேமரா. அதைத்தான் பாடி என்பார்கள். மற்றது, அந்தப் பாடியை நனையாமல் தண்ணீருக்குள் கொண்டுபோகிற அலுமினிய ஹவுசிங். இரண்டு பக்கமும் கைப்பிடி, உடம்பெல்லாம் பொத்தான், முன்னால் கவிழ்த்துவைத்த கிண்ணம்போல ஒரு கண்ணாடி. அந்தமான் கடலில் படமெடுத்துக்கொண்டிருந்த ஒருவர் வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது விட்டுப்போன ஜோடி.

"இது ஜோடியா அமைஞ்சதே அதிர்ஷ்டம் மாப்ளே. ஒரு ஹவுசிங்னா ஒரு பாடிக்குத்தான். அதே கம்பெனி, அதே பேரு, பின்னால ஒரு எழுத்து கூடுனாலும் போச்சு. பொத்தான் ஒரு நூல் தள்ளி நிக்கும். மூடி மூடாது."

"அதைத்தான பாய் நானும் சொல்றேன்" என்றான் மாரிக்கண்ணன். "இந்த பாடி வாரது நின்னுபோச்சு. நாளைக்கு இது படுத்துக்கிட்டா இம்புட்டுப் பெரிய அலுமினியத்தை வச்சு என்ன செய்ய? ஊறுகாய்தான் போடணும்."

"அப்ப சின்ன கேமரா வாங்குவோம். அதுக்குப் பிளாஸ்டிக் ஹவுசிங் இருக்குல்ல" என்றாள் வேல்விழி.

"சின்னதுல நாம பொத்தானை அமுக்கி, அது யோசிச்சுப் படம் எடுக்கதுக்குள்ள மீனு அடுத்த ஊருக்குப் போயிரும்."

"அதான பெருசு பாக்கோம்!"

"பெருசுல கண்ணை ஒட்டவச்சுத்தான் பாக்கணும். மூஞ்சில முகமூடிக் கண்ணாடி இருக்கும்போது எங்குட்டு ஒட்டவைக்க?"

"ஏலே மாப்ளே, போன ஹவுசிங்லயும் அப்படித்தான பாத்த? அன்னைக்கு உனக்கு நெத்தியில ஒரு கண்ணு கூட இருந்துச்சா?" என்றார் ஜெகபர் அலி.

மாரிக்கண்ணன் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வேல்விழிக்கு அவன் கண் போன இடம் தெரிந்தது. பின்மூடியைச் சுற்றி ஓடுகிற பள்ளத்தில், தண்ணீர் புகாமல் தடுக்கிற ஒரு கறுப்பு ரப்பர் வளையம். அதைத்தான் பார்த்தான்.

அந்த வளையத்தைப் பற்றி அவளுக்குத் தெரியாததா?

மாரிக்கண்ணனுக்குச் சிவகாசியில் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூடத்து குரூப் போட்டோ என்று பிழைப்பு ஓடினாலும் மனசு தண்ணீரில் கிடந்தது. ஆமத்தூர்க் கிணற்றில் நீந்திப் பழகியவன். மீன்தொட்டிக் கண்ணாடியை ஒட்டிப் பெட்டி செய்து, அதற்குள் கேமராவை வைத்துக் கிணற்றுத் தவளையைப் படமெடுத்துவந்து காட்டினான். தெருவே சிரித்தது. "ஊரு உலகத்துல எல்லாரும் பொண்ணு மாப்பிள்ளையைப் படம் எடுத்தா, இவன் தவளைக்குச் சம்பந்தம் பேசுறான்" என்றார்கள். பிறகு யாரோ பயன்படுத்திக் கழித்த ஒரு ஹவுசிங் கையில் கிடைத்தது. பிலிம் கேமராவை அதற்குள் வைத்துக்கொண்டு, தூத்துக்குடியில் சங்கு குளிக்கிற ஆட்களோடு கடலுக்குப் போக ஆரம்பித்தான். அவன் எடுத்த ஆமை ஒன்று ஒரு வருஷம் மாதக் காலண்டரில் வந்தது. சாமி படமும் குழந்தை படமும் ஓடுகிற ஊரில் ஆமைக்கும் ஆர்டர் வந்தது. வேல்விழி காலண்டர் கம்பெனியில், தாள்களின் தலைமாட்டில் தகரத் தகடு அடிக்கிறவள். தன் புருஷன் பார்த்த ஆமையின் தலைக்குமேல் தன் கையாலேயே தகடு அடித்தாள். கட்டுக் கட்டாக அடித்தும் அவளுக்குக் கை வலிக்கவில்லை.

திருச்செந்தூர்க் கரையைத் தாண்டி அவள் கடலைப் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் அவன் சொல்லித்தான். "கடல்குதிரை வாலைப் பாசியில சுத்திக்கிட்டு நிக்கும் பாரு, பஸ்ஸுக்குள்ள கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற கெழவி மாதிரி." "போ, பொய் சொல்றீக." "ஆத்தா சத்தியமா." சோறு ஆறிப்போகும்வரை சொல்லிக்கொண்டிருப்பான்.

போன ஆயுதபூசைக்கு அவள் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தாள். ஸ்டுடியோ விளக்குக்கு வைத்தாள், கத்தரிக்கோலுக்கு வைத்தாள், தகடு அடிக்கிற சுத்தியலுக்கும் வைத்தாள். ஹவுசிங்கை எடுத்தபோது ஒரு யோசனை வந்தது. வெளியே வைத்தால் முதல் முங்கிலேயே கடல் அழித்துவிடும். ஆத்தா கடைசிவரை கூடவே இருக்க வேண்டாமா? மூடியைத் திறந்து உள்பக்கமாக வைத்தாள். இருக்கன்குடி அம்மன் கோயில் குங்குமம். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான் என்று.

அந்தக் குங்குமம் காய்ந்து உதிர்ந்து, ஒரு துகள் ரப்பர் வளையத்தின் அடியில் போய் உட்கார்ந்தது. பூசை கழிந்து கடலுக்குப் போன அன்று அவனும் படகு கிளம்புகிற அவசரத்தில் வளையத்தைத் துடைத்துப் பார்க்காமல் பூட்டிவிட்டான். அடியில் இருக்கும்போது கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தான். பார்த்தவன் கேமராவைக் காப்பாற்றுகிற பதற்றத்தில், மெதுவாக ஏற வேண்டும் என்பதையும் மறந்து, ஒரே எத்தாக மேலே வந்தான். கேமராவும் போயிற்று, இடது காதுக்குள் என்னவோ கிழிந்து அந்தப் பக்கம் கேட்பதும் போயிற்று. படகில் வைத்து ஹவுசிங்கைத் திறந்தபோது தண்ணீர் சிவப்பாக ஒழுகியதாம். "மீனு ரத்தம்னு நெனச்சேன் மைனி" என்று படகுக்காரர் சங்கிலிமுத்து வெள்ளந்தியாகச் சொன்ன அன்றுதான் வேல்விழிக்கு விளங்கியது.

மாரிக்கண்ணன் அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. மதுரையில் காது டாக்டரைத் தனியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தவன், "மழை முடியிற வரைக்கும் காது காயணுமாம், அதுக்கப்புறம் எறங்கலாமாம்" என்றான். மழை எப்போதோ முடிந்துவிட்டது. அவனை மறுபடியும் கடலில் இறக்கிவிட்டால்தான் தனக்கு உறக்கம் என்று அவள் இருந்தாள். அதற்காகத்தான் இந்த அலைச்சல். ஓவர்டைம் பார்த்து, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, எந்த பாடிக்கு எந்த ஹவுசிங் என்று கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டாள். அவனோ ஒவ்வொன்றையும் தட்டிக்கழித்தான்.

"ஒண்ணு கேக்கேன். கோவப்படாம சொல்லுங்க" என்றாள் இப்போது. "என் கைக்குப் பயந்துதான வேண்டாங்கீக?"

"என்ன பேச்சு இது?"

"நான் தொட மாட்டேன். பூசை அன்னைக்குக்கூடத் தொட மாட்டேன். பீரோவுல வச்சுப் பூட்டிச் சாவியை நீங்களே இடுப்புல முடிஞ்சுக்கோங்க. அது கெடக்குற தெசைக்கே நான் போகல. போதுமா?"

"ச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல விழி."

"பின்ன எதுதான்?"

"...இந்தப் பொத்தான் கொஞ்சம் இறுக்கமா இருக்கு."

ஜெகபர் அலிக்கே பொறுக்கவில்லை. "இறுக்கமா இருந்தாத்தாம்லே தண்ணி போகாது! சரி, வா. பின்னால தொட்டி இருக்கு. பாடியை வைக்காம வெறும் ஹவுசிங்கை முக்கிப் பாப்போம். உள்ள டிஷ்யூ தாள் போடுவோம். தாள் நனையலேன்னா எடுத்துக்கோ. நனைஞ்சா நானே இதுல ஊறுகாய் போட்டுக்கிறேன்."

கொல்லைப்புறத்துச் சிமெண்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. மாரிக்கண்ணன் வளையத்தைக் கழற்றி, விரலால் தடவிப் பார்த்து, பிசின்போன்ற மசகைப் பூசி, திரும்பப் பள்ளத்தில் உட்காரவைத்தான். பழைய கை மறக்கவில்லை. வேல்விழி இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, மூச்சுக்காற்றுகூடப் படாத தூரத்தில் நின்றாள். தாளைச் சுருட்டி உள்ளே போட்டு மூடினான். கொக்கிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. தண்ணீருக்குள் இறக்கினான். பெட்டி மிதக்கப் பார்த்தது. அமுக்கிப் பிடித்தான்.

"குமிழி வருதா?" என்றாள்.

"மேல இருந்து தெரியல. தண்ணி ஆடுது."

"அப்ப தலையை உள்ள விட்டுப் பாரு மாப்ளே" என்றார் ஜெகபர் அலி. "கடல்ல எட்டுப் பாகம் ஆழம் எறங்குனவன், ஒரு தொட்டித் தண்ணிக்கு நல்ல நேரம் பாக்கணுமா?"

மாரிக்கண்ணன் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பாருங்க. எனக்காக" என்றாள் வேல்விழி.

அவன் அவளைத் திரும்பி ஒருதரம் பார்த்தான். பிறகு மூச்சைப் பிடித்துத் தலையை உள்ளே விட்டான்.

ஒரு கணம் சும்மா இருந்தது. அப்புறம் தொட்டி விளிம்பைப் பிடித்திருந்த கை வழுக்கியது. முழங்கால் மடங்கியது. தலை தண்ணீருக்குள்ளேயே ஒருபக்கமாகச் சுற்றியது, எது மேல் எது கீழ் என்று தெரியாதவன்போல. ஜெகபர் அலி பாய்ந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். வெளியே வந்த மாரிக்கண்ணன் நிற்க முடியாமல் ஈரத் தரையில் விழுந்து, காலையில் தின்ற இட்டிலியை எல்லாம் வாந்தி எடுத்தான். கண்விழி நிலைகொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னப்பா... யா அல்லா... என்ன செய்யுது?"

"சுத்துது. எல்லாம் சுத்துது. பிடிச்சுக்கோங்க."

வேல்விழி பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து அவனைத் தாங்கிக்கொண்டாள். தலை நிலைக்கு வர வெகுநேரம் ஆயிற்று. வந்த பிறகு அவள் கேட்டாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"அதான் மழை முடியிற—"

"நெசத்தைச் சொல்லுங்க."

மாரிக்கண்ணன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். "சவ்வு மட்டும் கிழிஞ்சிருந்தாத் தச்சிரலாமாம். இது அதுக்கும் உள்ள. தண்ணிக்குள்ள தல போனா எந்தத் தெசையும் தெரியாதாம். கடலை விடு, கெணத்துலகூட எறங்கக் கூடாதுன்னாரு. ஆயுசுக்கும்."

"எப்ப சொன்னாரு?"

"அன்னைக்கேதான்."

ஜெகபர் அலி எழுந்தார். தொட்டியில் தானாக மிதந்துகொண்டிருந்த ஹவுசிங்கை எடுத்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்து, கொக்கிகளைத் தளர்த்தித் திறந்தார். தாள் போட்டபடியே காய்ந்து இருந்தது. அதைச் சொல்ல வாய் எடுத்தவர், சொல்லாமல் பெட்டியோடு கடைக்குள் போய்விட்டார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? அந்த வாரம் பூராம் நீ ஒரு வாய் சோறு திங்கல. இருக்கன்குடிக்குப் போயி ஆத்தாகிட்டச் சண்டை போடுறேன்னு அரை உறக்கத்துல எந்திரிச்சுக் கிளம்புவ. பிடிச்சு உக்கார வைப்பேன். அப்புறம் ஒரு நா, எங்க இருந்தோ ஒரு கேமராப் புத்தகத்தைக் கொண்டாந்து விரிச்சு வச்சுக்கிட்டு, இதுல எது நல்லதுன்னு கேட்ட. நான் பாப்போம்னேன். அன்னைக்கு ரெண்டு தட்டுச் சோறு தின்ன விழி. ரெண்டு தட்டு."

அவன் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னான்.

"பாப்போம்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். நீ பாடியைப் பத்தியும் ஹவுசிங்கைப் பத்தியும் பேசப் பேச, எனக்கும் நான் போகப்போறவன் மாதிரியே இருந்துச்சு. கேட்டுக்கிட்டே இருக்கலாம்போல இருந்துச்சு."

வேல்விழி முந்தானையை இழுத்து அவன் தலையைத் துவட்டினாள். நெற்றியைத் துடைத்தாள். இடது காதை மட்டும், குழந்தைக்குத் துடைப்பதுபோல முந்தானை நுனியைத் திரித்து, பைய ஒற்றி எடுத்தாள். கழுத்து ஈரமும் காய்ந்த பிறகு அவன் முகத்தைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"இன்னைக்கு இந்தத் தொட்டி இல்லாமப் போயிருந்தா, அடுத்த மாசம் எந்தப் பெட்டியைக் காட்டி எங்கிட்ட என்ன கோளாறு சொல்லியிருப்பீக?"