சயன்ஸ் நானா தருவித்த மருந்து

மரணம் இனி மனிதனுக்கு எஜமானன் அல்ல, சயன்ஸின் வாசலில் கைகட்டி நிற்கும் வேலைக்காரன் என்று செராங்கூன் ரோட்டில் நடந்த கூட்டத்தில் நெய்னா முகம்மது முழங்கினார். கூட்டத்தில் பாதிப்பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். மழை விட்டதும், மரணத்தைப் பற்றிய விசாரமின்றி எழுந்து போனார்கள்.

நெய்னா முகம்மதுக்கு ஒரு சோதனைச் சாலையில் உத்தியோகம். பாலில் தண்ணீர் எவ்வளவு, தண்ணீரில் புழு எவ்வளவு என்று கண்ணாடிக் குழாயில் பார்த்துச் சொல்வார். கடைத்தெருவில் அவருக்குப் பேர் 'சயன்ஸ் நானா', அதாவது சயன்ஸ் அண்ணன். அது கேலி என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அந்த வாரமே அவருடைய ஒரே மகள் ஜரீனாவுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. ஆறு வயசுப் பிள்ளை. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் ஏடு படர்ந்து, மூச்சை இழுக்கும்போதெல்லாம் கதவு கிறீச்சிடுவது போலச் சத்தம். ஆஸ்பத்திரியில் அதற்கான ஊசி மருந்து தீர்ந்துபோயிருந்தது. பினாங்கில் கிடைத்தாலும் கிடைக்கும் என்றார் டாக்டர்.

பினாங்கில் அவருடைய மனைவி ருக்கையாவின் அண்ணன் சாகுல் ஹமீது மளிகைக் கடை வைத்திருந்தார். நெய்னா சட்டையை மாட்டிக்கொண்டு தந்தி ஆபீசுக்குக் கிளம்பினார்.

"அண்ணனுக்கு இங்கிலீஷ் வராதுங்க. பிள்ளைக்கு ஊசி மருந்துன்னு தமிழ்லயே போடுங்க" என்றாள் ருக்கையா.

"அதுக்குப் பேரு சீரம். சயன்ஸுக்குன்னு ஒரு மரியாதை இருக்குல்ல? ஊசி மருந்து, பாசி மருந்துன்னு எழுதினா தந்தி ஆபீஸ் வெள்ளைக்காரன் சிரிப்பான்."

'சீரம் அவசரம் அடுத்த கப்பல்' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். வெள்ளைக்காரன் சிரிக்கவில்லை. மறுநாளே பதில் வந்தது: டின், கப்பலின் மாலுமித் தலைவரான செராங்கின் கையில் இருக்கிறது.

கப்பலும் வந்தது. ஆனால் வழியில் ஒரு பிரயாணிக்கு அம்மை போட்டிருந்ததால் மஞ்சள் கொடி ஏற்றி, தொற்று நோயாளிகளை ஒதுக்கி வைக்கும் தீவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். ஆளோ சாமானோ இறங்கக் கூடாது. கிட்டே போகிற படகையும் பிடித்துவிடுவார்கள்.

நெய்னாவுக்கு நீந்தத் தெரியாது. தோணிக்காரர் நாகூர் கனியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாட்டினா நம்மளயும் தீவுல போட்டுருவான் நானா. அம்மை வேற ஒட்டும்."

"அதெல்லாம் சயன்ஸ்படி, காத்துக்கு எதிர்ப்பக்கமா போனா ஒட்டாது."

"காத்துக்கு அந்த சயன்ஸ் தெரியுமா லா?" என்றார் கனி. ஆனாலும் துடுப்பை எடுத்தார். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

கப்பலின் நிழலுக்குள் போனதும் செராங் வாளியில் டின்னை வைத்துக் கயிற்றில் இறக்கினார். அலை தோணியைத் தூக்கியது. நெய்னா எழுந்து நின்று இரண்டு கைகளாலும் டின்னைப் பிடித்தார். தோணியைப் பிடிக்க மூன்றாவது கை இல்லாததால் கடலில் விழுந்தார். தண்ணீருக்கு மேலே டின் மட்டும் தெரிந்தது. கனி முதலில் டின்னையும் பிறகு சட்டைக் காலரையும் பிடித்து இழுத்துப் போட்டார். எங்கோ போலீஸ் படகு விசில் ஊதியது. இருவரும் சரக்குத் தோணிகளுக்குள் புகுந்து கரை சேர்ந்தார்கள்.

வீட்டில் ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் சுப்பிரமணியம் ஊசியைக் கொதிக்க வைத்துத் தயாராக இருந்தார். நெய்னாவின் உடம்பிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "இது குதிரையோட ரத்தத்துலேர்ந்து எடுக்கிறது, தெரியுமா?" என்று டிரெஸ்ஸருக்கே பாடம் சொன்னபடி டின்னின் ஈயத்தைக் கத்தியால் நெம்பினார்.

மூடி திறந்தது. அறை முழுக்கச் சீரக வாசனை.

டிரெஸ்ஸர் டின்னுக்குள் கையை விட்டு அடிவரை துழாவினார். சீரகம்தான்.

பினாங்குக் கடைக்கு வருகிற தந்தியெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்தான். வெங்காயமும் கொத்தமல்லியும் அப்படித்தான் கடல் தாண்டும். ஓர் எழுத்துக் குறைவது சகஜம். கணக்கப்பிள்ளை எழுத்துக் கூட்டி 'சீரம்' என்றதும், சாகுல் ஹமீது கடையிலேயே உயர்ந்த ரகத்தைத் தன் கையால் புடைத்து, ஈரம் படாமல் டின்னில் அடைத்து அனுப்பிவிட்டார். மச்சான் இவ்வளவு அவசரப்படுகிறாரே, வீட்டில் ஏதோ விசேஷம் என்று நினைத்தாராம்.

"எங்கண்ணன் நல்லதாப் பாத்துத்தான் அனுப்பியிருக்கு" என்றாள் ருக்கையா. திட்டியிருந்தால் நெய்னாவுக்குச் சற்று இலேசாக இருந்திருக்கும்.

ஈரச் சட்டையோடு மறுபடி ஓடி, ருக்கையா சொன்ன வார்த்தைகளையே தந்தியில் எழுதிக் கொடுத்தார். அடுத்த கப்பல் திங்கட்கிழமைதான் என்றார்கள்.

டாக்டர் வந்து பிள்ளையின் தொண்டையில் குழாய் வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் மூச்சு ஓடியது. பிறகு பழையபடி கிறீச்சிட ஆரம்பித்தது.

"நானா, நீங்க படிச்சவங்க. வேற ஏதாச்சும் வழி இருக்கா?" என்று டிரெஸ்ஸர் கேட்டார். இந்த முறை அது கேலி இல்லை.

"தெரியல தம்பி" என்றார் நெய்னா. ஓலை விசிறியை எடுத்து மகளுக்கு வீசினார். காற்று முகத்தில் பட்டது, உள்ளே போகவில்லை. ஜரீனா அவருடைய சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை பகலில் பிள்ளை மௌத்தானாள்.

மூன்றாம் நாள், இறந்த பிள்ளைக்காக ஓதிய பாத்திஹாவுக்கு நெய்ச்சோறும் கறியும் ஆக்கினார்கள். சீரகம் மட்டும் கடையில் வாங்க வேண்டியிருக்கவில்லை.