தண்ணீர் வந்த அன்றைய ட்ரயல்

நவநீதன் வருகிறான் என்றதும் காவிரிக்கரைப் பெண்கள் கால்பந்துக் கழகத்துக்குத் தலைகால் புரியவில்லை. பேச்சு கொஞ்சமா நஞ்சமா! ஐரோப்பாவில் பயிற்சி எடுத்தவனாம். அவன் வீடியோவைப் பார்க்காத செல்போனே கிடையாதாம். அவன் கை வைத்த டீம் கோப்பையோடுதான் வீடு திரும்புமாம். எந்தக் கோப்பை, எந்த ஊர் என்று ஒருத்தராவது கேட்கணுமே, ஊஹும்!

மாநில லீகில் இந்த வருஷம்தான் கழகத்துக்கு இடம் கிடைத்திருந்தது. தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் வேண்டும். கமிட்டியின் முன்னால் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று நவநீதன். இன்னொன்று தைரியராஜ், பல வருஷமாகப் பிள்ளைகளோடு ஆற்று மணலில் புரண்டுகொண்டிருக்கும் துணைப் பயிற்சியாளர். கமிட்டியில் ஜோதியும் ஒருத்தி. ஒரு காலத்தில் இதே கழகத்தின் கோல்கீப்பர், இப்போது மன்னார்புரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். தைரியராஜின் மனைவியும் அவள்தான். நவநீதனைப் பற்றி அவள் வாயைத் திறந்தால் புருஷனுக்காகப் பேசுகிறாள் என்றுதானே ஊர் சொல்லும்? அதனால் நவநீதன் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துக் காட்டும் ட்ரயல் முடியும்வரை பேசக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ட்ரயல் வைத்த நாளும் நல்ல நாள்தான். மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பைத் தாண்டிவிட்டது என்று மத்தியானமே போன் வந்துவிட்டது. கோடை முழுக்கக் காவிரி மணல்தான் அவர்களுக்கு மைதானம். தண்ணீர் வருகிற அன்று கடைசி ஆட்டம். முடிந்ததும் மூங்கில் கோல்கம்பங்களைப் பிடுங்கிக் கரையேற்றிவிடுவார்கள். அன்றைக்கு வெயில் தாழ்ந்து, மணல் முழுக்கப் பொன் பூசினாற்போல் ஆகிவிட்டது. தூரத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுரம் அடிப்பாகம் தெரியாமல் ஆகாயத்தில் மிதந்தது. பாலத்தின் மேலே போகும் பஸ்களின் சத்தம்கூட எங்கோ கனவுக்குள் கேட்பது போலிருந்தது.

எப்போதும் வெறுங்காலில் ஆடுகிற பிள்ளைகள் அன்று பூட்ஸும் முட்டிவரை சாக்ஸும் போட்டிருந்தார்கள். வீடியோவுக்கு அதுதான் எடுப்பாக இருக்கும் என்று நவநீதன் சொல்லியிருந்தான். கேப்டன் இளவேனிலின் இடதுகால் அடி அவனுக்குப் பிடித்துப்போயிற்று. "சூப்பர்! இன்னொண்ணு!" என்றான். பந்து வளைந்து வளைந்து போய் வலையில் விழுந்தது. "இன்னொண்ணு!" கரையில் நின்ற கமிட்டிக்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். கோல்கம்பத்தின் பக்கத்தில் தைரியராஜ் நின்றிருந்தார். ஜோதிகூட ஒரு கணம் தன்னை மறந்தாள் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்போது தண்ணீர் வந்தது. ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லை. நாய்க்குட்டி புது வீட்டை முகர்ந்து முகர்ந்து வருவது போல, மணலை நனைத்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தது. பிள்ளைகள் ஹோவென்று கத்திக்கொண்டு பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினார்கள். புதுத்தண்ணீரில் கால் நனைக்காமல் அந்தக் கழகத்தில் யாரும் வீட்டுக்குப் போனதில்லை.

இளவேனில் மட்டும் ஓடவில்லை. உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, சாக்ஸை மெதுவாக உருட்டினாள். கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது.

"அடிப்பாவி, எப்ப ஆச்சுடி இது?" என்று பதறினாள் ஜோதி.

"ரெண்டாவது அடியிலேயேக்கா. சார் இன்னொண்ணு, இன்னொண்ணுன்னாரு. வீடியோ வேற ஓடிட்டு இருந்துச்சு. எப்படிக்கா நிறுத்தச் சொல்றது?"

நவநீதன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தண்ணீரைப் பின்னால் வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

ஜோதியும் தைரியராஜும் இளவேனிலை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டு, துவாக்குடியிலிருந்து வந்த அவள் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பும்போது ஜோதி புருஷனிடம் கேட்டாள். "அவ கால நீங்க பாத்தீங்களா?"

"அப்பவே பாத்துட்டேன்" என்றார் தைரியராஜ். "ரெண்டாவது அடிக்கு அப்புறம் கால மாத்தி ஊனினா."

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

"அவரு ட்ரயல்ல நான் எப்படி ஜோதி குறுக்கப் போறது? பொறாமையில கெடுக்கறான்னு சொல்ல மாட்டாங்களா? நாகரிகம்னு ஒண்ணு இருக்குல்ல."

ஜோதிக்குச் சுருக்கென்றது. அந்த நாகரிகத்தைப் பார்த்துத்தான் அவரைக் கட்டிக்கொண்டாள். அன்றைக்கு முதல்தடவையாக அது அவளுக்குக் கசந்தது.

மறுநாள் அரியமங்கலத்தில், கழகத் தலைவர் பீமராவின் லேத் பட்டறையில் கமிட்டி கூடியது. நவநீதன் அதற்குள் வீடியோவை அனுப்பிவிட்டான். மெதுவாக நகரும் படம், பின்னணியில் இசை, மணல் தெறிக்க இளவேனில் அடிக்கும் அடி. பட்டறையில் மெஷின்களை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"இதுக்கு மேல என்னங்க வேணும்? முடிச்சுருவோம்" என்றார் பொருளாளர் தமிழ்மணி.

"இவரு வேணாம்" என்றாள் ஜோதி.

தமிழ்மணி சிரித்தார். "நீ சொல்லாம வேற யாரும்மா சொல்லுவா? வீட்டுக்காரர் போட்டியில இருக்காரே."

"என்ன வேணா நெனச்சுக்கோங்க. அந்தப் பாட்டக் காதுல வாங்காம இன்னொரு தடவ போடுங்க. பந்தப் பாக்காதீங்க, அவ காலப் பாருங்க."

போட்டார்கள். இரண்டாவது அடியிலிருந்தே இளவேனில் இடதுகாலைத் தரையில் வைக்கப் பயந்து நின்றது இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. பல்லைக் கடிப்பதும் தெரிந்தது. பாட்டுக்கு நடுவே "இன்னொண்ணு" என்ற குரலும் கேட்டது.

பீமராவ் தலையைச் சொறிந்தார். "இருந்தாலும் பெரிய பெரிய டீமோட எல்லாம் நின்னவரும்மா..."

"பெரிய டீமுக்கு டாக்டர் இருப்பாங்கண்ணே, நூறு பேர் இருப்பாங்க. நமக்கு இருக்கறது பயிற்சியாளரோட ரெண்டு கண்ணுதான். அதுவும் கேமராவையே பாத்துட்டு இருந்தா நம்ம பிள்ளைங்க கதி என்ன?"

பீமராவ் போனைக் கவிழ்த்து வைத்தார். "சரி, நவநீதன் வேணாம். அப்ப தைரியராஜ்தான். கையெழுத்துப் போட்டுருவோம்."

அவ்வளவுதான். தலையை ஆட்டினால் போதும். எத்தனை வருஷக் கனவு! விடியற்காலையில் கோல் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற மனுஷன் அவள் கண்முன்னால் வந்து நின்றார்.

"அவரும் வேணாம்ணே."

"என்னம்மா சொல்றே?"

"நவநீதன் பாக்கல. இவரு பாத்தாரு. பாத்துட்டும், நாலு பேரு என்ன சொல்லுவாங்களோன்னு சும்மா நின்னாரு. என்கிட்டயே சொன்னாரு. பிள்ளைங்கள எப்படிண்ணே இவர நம்பி விடறது?"

சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் இருந்த வீட்டுக்குப் போனபோது தைரியராஜ் வலையில் இருந்த கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார். "நவநீதன்தானா?" என்றார் தலை நிமிராமல்.

"இல்ல."

ஊசி நின்றது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை ஜோதியால் பார்க்க முடியவில்லை.

"நீங்களும் இல்லைங்க. வேற ஆள் தேடப் போறாங்க. நான்தான் வேணாம்னு சொன்னேன். கால் விஷயத்தச் சொன்னேன்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. வலையை மடித்து வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டார். "துவாக்குடி போயிட்டு வரேன். அந்தப் பிள்ளையப் பாக்கணும்."

"இருங்க, நானும் வரேன்."

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. மைதானம் இருந்த இடமெல்லாம் தண்ணீர். இருட்டுவதற்கு முந்தைய வெளிச்சத்தில் ஆறு சலனமில்லாமல் விரிந்து கிடந்தது. நட்ட நடுவில் மூங்கில் கம்பம் ஒன்று மட்டும் தனியாக நின்றுகொண்டிருந்தது.

"ஐயய்யோ, அதப் பிடுங்கலையா?" என்றாள் ஜோதி.

"நான்தான் மறந்துட்டேன்" என்றார் தைரியராஜ். "அவ காலையே பாத்துட்டு நின்னேனா, கம்பம் ஞாபகமே வரல."

கம்பம் பின்னால் போய் மறையும்வரை அவர் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார். "பாத்தா மட்டும் போதாதுல்ல?"

"போதாதுங்க" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஆள் இருப்பதைக்கூடப் பாராமல், அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜோதி அழுதாள்.