கேட்டவர் பெயர்

ஆய்வுக்கூடத்துக் கணினி என் குரலில் பேசத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. துறையில் யாருக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. தண்ணீர் கேன்காரர்கூட எத்தனை கேன் வேண்டும் என்று அதனிடம்தான் விசாரிக்கிறார். எனக்கு மட்டும் அதன்மேல் சந்தேகம்.

நான் கணினி இசையில் முனைவர் பட்ட மாணவி. பாடினாலும் பேசினாலும் மனிதக் குரல் கொஞ்சம் அசையும். அந்த அசைவைத் துணிக்கு இஸ்திரி போடுவதுபோல் நேராக்கிக்கொண்டே போனால், இது அசல் குரல் இல்லை என்று கேட்பவர் எந்த இடத்தில் கண்டுபிடிப்பார் என்பது என் ஆய்வு. என் குரலையே பதிவு செய்துகொண்டேன். வாக்கியம், "அம்மா, சாப்பிட்டியா?" நேராக்கியதை முப்பது பேருக்குப் போட்டுக் காட்டி, ஆளுக்கொரு படிவம் நிரப்பினேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. அப்போது எனக்கு அது சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்தது. ஓர் ஆய்வேட்டுக்கு ஒரு குரல்தான் அனுமதி. விசாலி என்ற பெயரில் இரண்டு புழக்கத்தில் உள்ளன. உரிமை இல்லாதவர் இன்று மாலை ஐந்து மணிக்குள் குரலை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

பக்கத்து மேசை ஹபீபிடம் கடிதத்தைக் காட்டினேன். ஹபீப் போன மாதம் ஒலிபெருக்கியாகிவிட்டான். மற்றபடி பழைய ஹபீப்தான்.

"யாருடா போட்டுக்கொடுத்தது?" என்றேன்.

"எனக்குத் தெரியாது," என்றது அவன் இடது பக்கம்.

"நான் சொல்லல," என்றது வலது பக்கம்.

வலது பக்கம் கொஞ்சம் தாமதித்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

அலுவலகத்துக்குப் போனேன். செருப்புச் சத்தம் கேட்கக் கேட்க வராந்தா நீண்டுகொண்டே போனது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்ததும் கதவு வந்துவிட்டது. எழுத்தர் அருளப்பன் என் முப்பது படிவங்களையும் விரித்து வைத்திருந்தார். நான் வருவது முன்பே தெரிந்திருக்கிறது.

"எல்லாத்துலயும் 'கேட்டவர் பெயர்'ங்கிற கட்டத்துல உங்க பேருதான் இருக்கு," என்றார்.

"ஆமா சார். நான்தான் கேட்டேன்."

"அப்ப பேசினது யாரு?"

"அதுவும் நான்தான் சார். கேட்டேன்னா, கேள்வி கேட்டேன். காதால கேட்டவங்க அந்த முப்பது பேர்."

"அவங்க பேரு எங்கயும் இல்லையே."

"ஒரு கட்டம்தான் சார் இருந்துச்சு."

"முப்பது தடவை கேட்டிருக்கீங்க. சொந்தக் குரலா இருந்தா யாராவது உக்காந்து முப்பது தடவை கேப்பாங்களாம்மா?"

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தப் படிவத்தை அச்சடித்தது யார் என்று கேட்க நினைத்தேன். அதையும் கேட்டதாக எழுதிக்கொள்வார் என்று விட்டுவிட்டேன்.

"உங்க குரல் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா?"

"அம்மா இருக்காங்க. பட்டுக்கோட்டையில."

"போதும். ரெண்டு பேரும் கேளுங்க. யாருக்குப் பதில் வருதோ, குரல் அவங்களுக்கு."

கணினி ஏற்கெனவே அவர் மேசைமேல் இருந்தது. யார் தூக்கி வந்தது என்று சொல்லவில்லை. அதற்கு ஒரு டீ வைத்திருந்தார்கள். எனக்கு வைக்கவில்லை.

நான் பயப்படவில்லை. முப்பது பேர் ஏமாறலாம், பெற்றவள் ஏமாற மாட்டாள். அருளப்பன் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். அம்மா எடுத்தாள்.

"அம்மா, சாப்பிட்டியா?" என்றேன்.

"யாருங்க? உங்களுக்கு யாரு வேணும்?"

"அம்மா, சாப்பிட்டியா?" என்றது கணினி.

"மத்தியானமே சாப்பிட்டாச்சுடி. ரசமும் சுட்ட அப்பளமும். என்ன இன்னிக்கு இவ்ளோ லேட்டா கூப்பிடுற?"

அருளப்பன் பேனாவைத் திறந்தார். நான் கடைசியாக அம்மாவைக் கூப்பிட்டது எப்போது என்று யோசித்தேன். மூன்றாம் இயல் எழுதத் தொடங்குவதற்கு முன்பு. இப்போது ஆறாம் இயல்.

"கொஞ்சம் வேலைம்மா," என்றது கணினி. "முட்டி வலி எப்படி இருக்கு?"

அம்மாவுக்கு முட்டி வலி என்பதே எனக்குத் தெரியாது.

"நீ சொன்ன தைலம்தான் தேய்க்கிறேன். பரவால்ல."

எனக்கு அழுகை வந்தது. "அம்மா, நான் விசாலிம்மா," என்றேன். குரல் நன்றாகவே அசைந்தது.

"பக்கத்துல யாரோ அழற மாதிரி இருக்கே. யாருடி அது?"

கணினி யோசித்தது.

"யாரும் இல்லம்மா. நீ சொல்லு."

அருளப்பன் கட்டத்தை நிரப்பிவிட்டு ஒப்படைப்புப் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"மணி நாலே முக்கால்தான் ஆகுது. ஏதாவது பேசணும்னா அஞ்சு வரைக்கும் பேசிக்கங்க," என்றார்.

அம்மா எதிர்வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். பெண்ணுக்கு என்ன புடவை, பந்தியில் என்ன குறை, எல்லாம் சொன்னாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. வாயைத் திறந்தால் அம்மா போனை வைத்துவிடுவாளோ என்று பேசாமல் இருந்தேன்.