கழுகுக் கண் நஞ்சப்பன்

நஞ்சப்பனுக்குப் பேருந்தை ஓட்டுவதில் கவலையே இல்லை. அது பழகிய மாடு, தானாகவே பென்னாகரம் போய்ச் சேர்ந்துவிடும். கவலையெல்லாம் எழுத்துப் பலகையை நினைத்துத்தான். தருமபுரி பேருந்து நிலையத்தில் ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் என்று சொன்னதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பலகை எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் முழிப்பவனிடம் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ கொளுத்திப் போட்டிருந்தார்கள். நிஜமா என்று ஒருவரும் போய்க் கேட்கவில்லை. கேட்டவனுக்குக் கண் அவுட் என்று ஊர் பேசிவிடுமே.

உண்மையில் கொஞ்ச காலமாகவே தூரத்தில் இருப்பதெல்லாம் அவருக்குக் கலங்கித்தான் தெரிந்தது. புளியமரத்தை வைத்து இண்டூர் நிறுத்தத்தைக் கண்டுபிடிப்பார். மிச்சத்தைக் கண்டக்டர் அன்பு படியில் நின்றபடி பார்த்துக்கொள்வான். "அண்ணே, ஆடு" என்பான், அண்ணன் பிரேக்கை மிதிப்பார். வண்டிக்கு நல்ல கண் ஒரு ஜோடி இருந்தால் போதாதா, அது யார் முகத்தில் இருந்தால் என்ன என்பது இருவரின் கட்சி.

முகாமிலும் அன்புதான் கைகொடுத்தான். எனக்கும் பாருங்கள் என்று முன்னாலேயே உள்ளே போய், பலகை முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தான். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நஞ்சப்பன் அதை உருப்போட்டார்.

டாக்டர் சுசித்ரா குச்சியை நீட்டுவதற்குள் கடைசி வரிவரை கொட்டித் தீர்த்தார். எந்தக் கண்ணை மூடினாலும் அதே வேகம்.

"இந்த வயசுல இப்படி ஒரு பார்வையா? கழுகுக் கண்ணுங்க உங்களுக்கு," என்றார் டாக்டர், எல்லாரும் கேட்கும்படியாக.

தலைகால் புரியாமல் வெளியே வந்தார் நஞ்சப்பன். அங்கே பலகையில் கோட்டை விட்டவர்களெல்லாம் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஆளுக்கொரு கண்ணாடி, இலவசமாக. லைசென்ஸைப் பற்றி யாரும் மூச்சுக்கூட விடவில்லை. இன்னொரு வண்டியின் டிரைவர் ராஜா புதுக் கண்ணாடி வழியாக எட்ட இருந்தே பார்த்துவிட்டு, "அண்ணே, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கீங்க," என்றான். நஞ்சப்பனுக்கு வயிறு எரிந்தது. திரும்பப் போய்க் கண்ணாடி கேட்கலாம்தான். கழுகு எந்த முகத்தோடு போகும்?

சாயங்கால நடைக்கு இன்ஜினை முடுக்கியபோது, டாக்டர் பையோடு ஏறி முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"நாளைக்குப் பென்னாகரத்துல முகாம். நீங்க ஓட்டுனா பயமில்லாம தூங்கிட்டுப் போலாம்னுதான் இதுல ஏறுனேன்," என்றார். சொன்னபடியே கண்ணையும் மூடிக்கொண்டார்.

நஞ்சப்பன் பின்னால் திரும்பினார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மடியில் குழந்தையோடு ஒருத்தி. இத்தனை நாளும் இவர்களும் இப்படித்தானே தூங்கிக்கொண்டு வந்தார்கள். அவருக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. இன்ஜினை அணைத்தார்.

"ஏங்க, எடுக்கலியா?" என்று கண் விழித்தார் டாக்டர்.

"எதுக்கால நிக்கற வண்டில என்ன ஊருன்னு போட்டிருக்குதுங்க?"

"பாலக்கோடு."

"எனக்கு அது தெரியலீங்க."

"காலைல பலகையக் கடகடன்னு படிச்சீங்களே?"

"அது அன்பு படிச்சதுங்க."

டாக்டர் திட்டவில்லை. பையை எடுத்துக்கொண்டு முதலில் வண்டியைவிட்டு இறங்கினார். அந்த அவசரம் நஞ்சப்பனுக்குத் திட்டைவிட அதிகமாக வலித்தது.

"வாங்க. இன்னொரு பலகை இருக்குது," என்றார் கீழேயிருந்து.

நஞ்சப்பன் பழக்கதோஷத்தில் அன்பைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பலகையை அவனும் பார்த்ததில்லை.