காப்பாளரின் மறுநியமனம்

அந்த நில அளவை அலுவலகத்தில் பன்னிரண்டு பேர். பகல் ஒரு மணி அடித்தால் எல்லாருடைய கோப்புகளும் தாமாகவே கீழ்த்தளத்து சர்வருக்கு நகலாகிவிடும். பதினொரு பேருக்கு ஒழுங்காக ஆகிறது. மேலாளருக்கு மட்டும் ஒன்பது நாளாகத் திரையில் சிவப்பு. வேறு யாருக்காவது நின்றிருந்தால் அடுத்த வருடம்தான் கவனித்திருப்பார்கள்.

கம்ப்யூட்டரம்மாவுக்கு அன்று இருப்புக் கொள்ளவில்லை. அங்கே அவளுக்கு அதுதான் பெயர். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த வேலை, மறுநாளோடு ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிக்கும் தாளில் கையெழுத்துப் போட வேண்டியவர் மேலாளர். "பன்னெண்டும் பச்சையா காட்டு, அப்புறம் போடறேன்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரரோ காலை ஒடித்துக்கொண்டு மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார். இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

காலையிலிருந்து அவள் செய்யாத வைத்தியமில்லை. கம்பியை மாற்றிப் பார்த்தாள். ஹார்ட் டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்த்தாள், ஏராளமாக இருந்தது. மேலாளர் அப்படியொன்றும் எழுதிக் கிழித்துவிடவில்லை. அதே கணினியில் சோதனைக்காகப் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் திறந்து ஓட்டினாள். சமர்த்தாக நகலானது. ஆக, இயந்திரத்தின் மேல் குற்றமில்லை. கோளாறு மேலாளரின் கணக்கில்தான்.

"என்னம்மா, இன்னுமா?" என்றார் மேலாளர், நாற்காலியை ஓர் அங்குலம்கூட நகர்த்தாமல்.

"இருங்க சார். உங்க ஃபோல்டரை யார் யார் திறக்கலாம்னு ஒரு லிஸ்ட் இருக்கும். அதப் பாக்கறேன்."

பட்டியலில் மேலாளர் மட்டும் கம்பீரமாக நின்றார். மற்ற எல்லாரிடமும் இரண்டாவதாக இருக்கும் 'காப்பாளர்' இங்கே இல்லை.

"சார், இதுல காப்பாளர்னு ஒண்ணு இருந்திருக்கணுமே?"

மேலாளரின் முகம் மலர்ந்தது. "அவனா? தூக்கிட்டேன்!"

"தூக்கிட்டீங்களா?"

"பத்து நாள் முன்னாடி சும்மா தட்டிப் பாத்துட்டிருந்தேன். எவனோ ஒருத்தன் தெனம் ஒரு மணிக்கு என் ஃபோல்டருக்குள்ள வந்துட்டுப் போயிருக்கான். நான் சாப்பிடப் போற நேரம் பாத்து! வருகைப் பதிவேட்ட எடுத்துப் புரட்டினேன். அப்படி ஒரு ஆளே நம்ம ஆபீஸ்ல இல்ல. விடுவேனா?"

விடவில்லை. உளவாளியைப் பிடித்த கதையை இரண்டு பக்கத்துக்கு எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பி, பாராட்டுக் கடிதமும் வாங்கிவிட்டார். கண்ணாடிச் சட்டம் போட்டு அது அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. "சார், அது ஆளே இல்ல. காப்பி எடுக்கற சாஃப்ட்வேர் உள்ள நுழைய ஒரு பேரு வேணும். நான்தான் அப்படி வெச்சேன்."

மேலாளர் நிமிர்ந்து சட்டத்தைப் பார்த்தார். "அப்ப மேல என்னன்னு சொல்றது? இல்லாத ஆளப் பிடிச்சேன்னா? மானம் போயிடும். மறுபடி சேத்துக்கலாம், ஆனா முறைப்படி."

முறைப்படி என்றால் விசாரணை. அவர் சொல்லச் சொல்ல அவள் தட்டச்சு செய்தாள். குற்றச்சாட்டுக்கு விளக்கம் கேட்டபோது காப்பாளர் மௌனமாக இருந்தார். அவரது நீண்டகாலச் சேவையைக் கருதி மன்னிக்கப்பட்டு, மீண்டும் பணியில் அமர்த்தப்படுகிறார். கல்வித் தகுதி என்ற இடத்தில் அவள் கை நின்றது.

"பட்டதாரின்னு போடு" என்றார். "நம்ம ஆபீஸ் மரியாதை என்னாகறது?"

தன் காரியம் ஆக வேண்டுமே. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டாள். மேலாளர் கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார். அதன் பிறகே காப்பாளரைப் பட்டியலில் சேர்க்க விட்டார். ஒரு மணிக்குப் பன்னிரண்டும் பச்சை. அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. தன் தாளை எடுத்து மேசையில் வைத்தாள்.

மேலாளர் பேனாவைத் திறந்தார். பிறகு எதையோ யோசித்து மூடினார். "ஏம்மா, இந்தக் காப்பாளருக்கு என்ன வேலை?"

"தெனம் எல்லார் ஃபைலையும் காப்பி எடுக்கறது சார்."

"உனக்கு?"

"அது ஒழுங்கா நடக்குதான்னு பாத்துக்கறது."

"ஒரே வேலைக்கு ரெண்டு பேரக் காட்டினா மேல என்னத்தான கேப்பாங்க?"

"சார், அவர் ஆளே இல்லன்னு இப்பத்தான சொன்னேன்!"

"ஆணை போட்டாச்சேம்மா. நீதான டைப் பண்ணின?" குரலில் உண்மையான வருத்தம். "பட்டதாரி வேற. ஒரு நாள் லீவு கேட்டதில்ல. விசாரணையில வாயத் திறந்து ஒரு வார்த்த பேசல பாரு, எவ்வளவு அடக்கம்! அவர எப்படி அனுப்பறது?"

இல்லாத ஒருத்தனுக்குத் தன் கையாலேயே தன் வேலையைத் தூக்கிக் கொடுத்துவிட்டோமே என்று அவளுக்கு அவமானமாக இருந்தது. படுக்கையில் கிடப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது?

காப்பாளரின் கடவுச்சொல் மாதத்துக்கு ஒருமுறை காலாவதியாகும். அதை மாற்ற ஓர் ஆள் வேண்டும், இல்லையென்றால் பன்னிரண்டும் சிவப்பாகிவிடும். அதைச் சொல்ல வாயெடுத்தாள். வாயைத் திறக்காதவர்களைத்தான் இவருக்குப் பிடிக்கிறது. மூடிக்கொண்டாள்.

"வரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.