புதன்கிழமை வந்தவர்

விறைத்த கை சட்டைக்குள் போக மறுத்தது. கிடங்கில் மூட்டை தூக்கும் அண்ணன், தம்பியின் முழங்கையை மெல்ல மடக்கிப் பார்த்தான்.

"முதுகுப் பக்கம் கத்தரிச்சிரு. படுத்திருக்கிறப்ப தெரியாது," என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

கத்தரித்தான். இருபத்தாறு நாள் குடியைத் தொடாமல் இருந்த தம்பி நேற்று மாலை கிளம்பிப் போய் மொத்தத்துக்கும் சேர்த்துக் குடித்திருக்கிறான். காலையில் கிடங்குக்குப் பின்னால் மூச்சடைத்துச் செத்துக் கிடந்தான்.

வாசலில் ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து நின்றார். பின்னால் இன்னொருவர். அவருடைய கண்களைப் பார்த்ததும் கத்தரிக்கோல் பாதியில் நின்றது.

"இவர் வெல்டரும்மா. குடியை விட்டவங்க சங்கத்துல இருக்கார்," என்று நர்ஸ் அம்மாவிடம் சொன்னார். "புதுசா விடுறவங்களுக்குத் துணையா இவங்களைத்தான் அனுப்புறோம். உங்க பையனுக்கு இவரைச் சொல்லியிருந்தேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து துணைக்கு ஆள் வரும் என்றால், இஸ்திரி போட்ட சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வரும் என்று அண்ணன் நினைத்திருந்தான். புதன்கிழமை மாலை வந்தவரோ தோல் உரிந்த முகமும் செக்கச்செவேலென்ற கண்ணுமாக நின்றார்.

"தம்பியைப் பார்க்கணும். கொஞ்சம் பேசிட்டுப் போறேன்."

"என்ன பேசுவேன்னு உன் கண்ணே சொல்லுதே."

"நான் விட்டு ஒன்பது வருஷம் ஆச்சுண்ணே."

"வருஷமா? காலையில ஒன்பது மணியில இருந்தா?"

கதவைச் சாத்திவிட்டான். வெல்டிங் பற்றவைக்கிற வெளிச்சத்தில் கண் வெந்து போனவர்களை வேலையிடத்தில் தினம் பார்க்கிறவன்தான். அன்று அது மண்டையில் ஏறவில்லை. தம்பி குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான்.

"யாராச்சும் வந்தாங்களாண்ணே?"

"ஒருத்தரும் வரல."

தம்பி நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

இப்போது அம்மா தலையைத் தூக்கினாள்.

"நீதானாப்பா அது? ரெண்டு நாளா வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தான். ஒரு எட்டு வந்துட்டுப் போனா என்னப்பா?"

"இவர் புதன்கிழமையே..." என்று நர்ஸ் தொடங்கினார்.

வெல்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கத்தரிக்கோலைக் கீழே வைத்தான்.

"வேலையில மாட்டிக்கிட்டேம்மா," என்றார் வெல்டர். "வர முடியல. தப்பு என் மேலதான்."

நர்ஸ் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"வேலையாம்," என்றாள் அம்மா. "உன் கூடப் பிறந்தவனா இருந்தா விட்டிருப்பியா?"

வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் எழுந்தான். "அம்மா."

"என்னடா?"

அம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வண்டி வந்துருச்சு," என்றான். "தூக்கணும்."

தூக்க ஓர் ஆள் குறைந்தது. வெல்டர் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"அவன் தொட வேண்டாம்," என்றாள் அம்மா.

நீட்டிய கை மடங்கியது. தெருவிலிருந்து வேறொருவர் வந்து பிடித்தார். தலைப்பக்கம் அண்ணன். கனமே இல்லை.

வாசல்படியில் வந்தவர்களின் செருப்புகள் இறைந்து கிடந்தன. வெல்டர் குனிந்து, தூக்கி வருகிறவர்களின் கால் தடுக்காமல், ஒவ்வொரு ஜோடியாக எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டே போனார். அண்ணனுடையதும் அதில் இருந்தது. அதையும் எடுத்துச் சேர்த்து வைத்தார். அவர் ஒதுக்கிக் கொடுத்த இடத்தில் வெறுங்காலை வைத்து அண்ணன் படி இறங்கினான்.